ஆறேகால் மணிச் சுவர்

அப்துல் கஃபார் தன் தொழிலின் முதல் பத்து வருஷம் உலகத்தைத் தலைகீழாகத்தான் பார்த்தார். அந்தக் காலத்து லெவல் கருவியில் கண்ணை வைத்தால் மரம் கீழே தொங்கும், வானம் தரையில் கிடக்கும், அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் வௌவால் மாதிரித் தெரிவான். அப்படியே படித்து அப்படியே எழுதி, கடைசியில் அவருக்குக் கனவும் தலைகீழாகவே வர ஆரம்பித்துவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று ஹஃபீசா கனவில் தலைகீழாக வந்து டீ கொடுத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். ஹஃபீசா அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் எழுந்து போகமாட்டாள்.

அவர் இன்ஜினியர் இல்லை. சர்வே உதவியாளர் என்று சம்பளச் சீட்டில் போட்டிருக்கும். முப்பத்தோரு வருஷமாக மேம்பாலம், பாலம், மழைநீர்க் கால்வாய் என்று போன இடமெல்லாம் ஒரே வேலை: கண்ணை வைத்துப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது. கஃபார் பாய் எழுதிய ரீடிங் என்றால் பெரிய இன்ஜினியர்கள்கூட இன்னொரு தடவை சரிபார்க்கமாட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய அனகாபுத்தூரில் அவர் வீட்டு நிலைப்படியைப் போய்ப் பார்க்க வேண்டும். அடையாற்றில் வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் பாயையும் பாத்திரத்தையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கால் மணிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் மணி. ஹஃபீசா மாடியிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. வீட்டுக்கு இதுவரை மூன்று தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது, அந்த இரண்டு விரல் அகலத்தில் மட்டும் பிரஷ் படவில்லை. நேரம் எழுதாத அளவு அளவே இல்லை என்பார் கஃபார்.

இந்த மனுஷரைத்தான் தாம்பரத்தில் ஒரு சுவரைக் காவல் காக்க அனுப்பினார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கட்டடம் அது. கிளமென்ட் பில்டிங் என்று பேர், நெற்றியில் 1931 என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கும். கீழே கடைகள், மேலே லாட்ஜ். பதினாறு மாடிக் குடியிருப்பு கட்ட வாங்கிய கம்பெனி, மொத்தத்தையும் இடித்துத் தள்ளியிருக்கும். பழைய முகப்பு நிற்க வேண்டும் என்று அரசு அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததால் முகத்தை மட்டும் விட்டுவிட்டு உடம்பை எடுத்துவிட்டார்கள். முப்பத்துநாலு அடி உயரம், பதினோரு ஜன்னல், பின்னால் ஒன்றுமே இல்லை. மூன்று மாடி ஆழத்துக்குக் கார் நிறுத்தப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் விழாமலிருக்க ரோட்டுப் பக்கத்திலிருந்து இரும்புச் சட்டங்களைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். வரப்போகிற குடியிருப்புக்கு கிளமென்ட் ஸ்கை என்று பேர் வைத்துப் பெரிய பலகையும் கட்டியாகிவிட்டது. ஸ்கை மட்டும் அப்போதே தயாராக இருந்தது.

எதிர்ச் சாரியில் ஆல்வின் பேக்கரி. அதன் மொட்டைமாடியில் ஒரு சிமென்ட் தூண் கட்டி, அதன் மேல் கருவியை வைத்து, சுவரில் ஒட்டியிருந்த இருபத்திரண்டு வெள்ளி நிறக் குறி வில்லைகளையும் தினமும் கஃபார் பார்க்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் சுவர் எத்தனை மில்லிமீட்டர் சாய்கிறது என்பதுதான் கேள்வி. எட்டு மில்லி ஆனால் பள்ளத்தில் வேலையை நிறுத்த வேண்டும். பத்து மில்லி ஆனால் ஆபத்து, சுவரை இறக்கிவிடலாம் என்று அதே அனுமதிக் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. கம்பெனி மேனேஜர் பத்ரிநாராயணனுக்கு அந்த வரி மனப்பாடம். கெட்டவர் இல்லை, கார் உள்ளே வளைந்து போக அந்தச் சுவர் இடைஞ்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாளே கஃபார் சைட் இன்ஜினியர் கிருபாவிடம் ஒரு விஷயம் கறாராகச் சொல்லிவிட்டார். தினமும் காலை ஆறேகால் மணிக்கு மட்டும்தான் ரீடிங். வெயில் ஏறினால் இரும்பு நீளும், காற்று அலையடிக்கும், அளவு அளவாக இருக்காது. கிருபா சேலையூர்ப் பெண், முப்பது வயது, எதையும் எழுதி வாங்கிக்கொள்கிற சுபாவம். ரெஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே அதை எழுதி அடிக்கோடிட்டாள்.

அந்தக் காலை நேரங்கள் கஃபாருக்கு எப்படிப் பிடித்துப்போயின என்று சொல்லி மாளாது. விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு, பம்மல் வழியாக ஸ்கூட்டரில் வந்து, மாடியேறிக் கண்ணை வைத்தால் பதினோரு ஜன்னலிலும் பதினோரு துண்டு வானம். வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய இருட்டு இல்லை; வெறும் வெளுப்பு. கடற்கரை போகும் ரயில் முதல் ஜன்னலில் நுழையும், ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்து பதினோராவதில் வெளியேறும், யாரோ அந்த லாட்ஜின் வராந்தாவில் விளக்கோடு நடந்து போகிற மாதிரி. விமானம் ஒன்று நாலாவது ஜன்னலில் மெதுவாக இறங்கி மீனம்பாக்கம் பக்கம் மறையும். ஆறாவது ஜன்னலுக்கு மேலே சுதையில் ஒரு பெண் முகம் உண்டு. மூக்கு எப்போதோ உதிர்ந்துவிட்டது. அவளுடைய கழுத்தில்தான் பன்னிரண்டாம் நம்பர் வில்லை. கஃபார் கடைசியாக அவளைத்தான் அளப்பார். வீடு போன பிறகும் அந்தச் சுவர் தன்னைத்தானே சுமந்துகொண்டு நின்று கனவு காண்கிறது என்று அவருக்குத் தோன்றும். இதையெல்லாம் ரெஜிஸ்டரில் எழுத இடமில்லை. பிப்ரவரி கடைசியில் மூன்று மில்லி என்று மட்டும் எழுதினார். அந்த அளவோடு சுவர் நின்றுவிட்டது.

மார்ச் இரண்டாம் தேதி நோன்பு பிறந்தது.

முதல் இரண்டு நாள் சரியாகத்தான் வந்தார். மூன்றாம் நாள் விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுது, ஐந்து நிமிஷம் கண்ணை மூடினார். மாடியேறும்போது மணி ஏழு. எழுதும்போது கை தன் பாட்டுக்கு 6.15 என்று எழுதியது. ஐம்பத்தேழு வயது உடம்பு. ஒரு வாரத்தில் ஒன்பதாயிற்று, அப்புறம் பதினொன்று. நோன்பின் கடைசிப் பத்து இரவுகளும் தொழுகையில் பள்ளிவாசலிலேயே விழித்திருந்தார், காலையில் வந்து விழுந்தால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழுந்தார். தாம்பரம் வரும்போது பகல் இரண்டரை. நாக்கு ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் காற்று தண்ணீர் மாதிரி ஓடும், பதினோரு ஜன்னலும் அதில் மிதக்கும், மூக்கில்லாத பெண் ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருக்கும். பசியிலும் தூக்கத்திலும் அது அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது. நேரக் கட்டத்தில் கை 6.15 என்றே எழுதியது. கைதான் எழுதியது, அவர் எழுதவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். கை அவருடையதுதானே. நோன்பு வாயோடு இருபது நாளுக்கு மேல் பொய் எழுதிக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை.

கருவியின் உள்கடிகாரம் என்றைக்கோ செத்துவிட்டது. சாயங்காலம் ரெஜிஸ்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கிருபாவுக்கு அனுப்புவது முன்பிருந்தே வழக்கம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற கிருபா, பள்ளத்தில் இறங்கினால் மேலே பார்க்க நேரமில்லாதவள். அவளுடைய கம்ப்யூட்டரில் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நாலு. ஐந்தரை. ஏழு. எட்டு தொட்ட அன்று பள்ளத்திலிருந்த நாற்பது பேரையும் மேலே ஏற்றினாள். இருபத்தேழாம் நோன்பன்று பத்தரை. பத்ரிநாராயணன் மறுநாளே பேக்கரி மாடிக்கு ஏறிவந்து, நீங்கள் பார்க்காமலிருந்தால் நாற்பது உயிர் போயிருக்கும் என்று கஃபாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வியாழக்கிழமை சுவரை இறக்குவதாக முடிவாயிற்று. அறுக்கிற மெஷினும் வந்து நின்றது. கஃபாருக்கு வருத்தம்தான். அதே சமயம் பெருநாளன்று பிரியாணி சாப்பிட்ட எல்லாரிடமும் நாற்பது உயிர்க் கதையைச் சொல்லவும் தவறவில்லை.

பெருநாள் திங்கட்கிழமை. செவ்வாய் காலையில், ஒரு மாசத்துக்கு அப்புறம், ஃபஜ்ர் முடிந்ததும் ஒரு டீ குடித்துவிட்டு நேரே கிளம்பினார். மாடியேறிக் கண்ணை வைத்தார். முதல் வில்லை, இரண்டாவது, மூன்றாவது. பன்னிரண்டாவதுக்கு வந்தபோது கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

மூன்று மில்லி.

ரயில்வே தண்ணீர்த் தொட்டியில் ஒரு நிலையான குறி உண்டு. கருவி பிசகியிருக்கிறதா என்று பார்க்க. அது இம்மி பிசகவில்லை. மறுபடி சுவரைப் பார்த்தார். மூன்று. ஏழு மில்லிக்கு மேல் போன சுவர் பெருநாளைக்கு ஊருக்குத் திரும்பி வந்திருந்தது. ஜன்னல்களில் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமே வந்தது, காணாமல்போனவரை வாசலில் பார்த்த சந்தோஷம். சாய்ந்த சுவர் நிமிராது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

பேக்கரிக்கார ஆல்வின் டீ டம்ளரோடு மேலே வந்தார். "இன்னா பாய், ஒரு மாசமா காலைல ஆளையே காணோம்? தெனமும் மத்தியானம்தான் வந்துகினு இருந்தீங்க" என்றார், சாதாரணமாக.

கஃபார் டம்ளரை வாங்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். ரெஜிஸ்டரைத் திறந்தார். 6.15, 6.15, 6.15. அழகான கையெழுத்து, ஒன்றுகூடக் கோணவில்லை. போன மாசம் சாய்ந்தது சுவர் இல்லை. வெயிலில் நீண்ட இரும்பு அதைத் தள்ளியிருக்கிறது, சாயங்காலம் குளிர்ந்ததும் விட்டிருக்கிறது. தினமும் போய்த் தினமும் திரும்பியிருக்கிறது. இவர் போனதை மட்டும் பார்த்திருக்கிறார். அதுவும் எந்த நேரத்தில் என்று எழுதாமல்.

இது அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆல்வினுக்குத் தெரிந்ததன் அர்த்தம் ஆல்வினுக்கே தெரியாது. ரெஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு மத்தியானம் வந்து பத்தரை என்று எழுதினால் வியாழக்கிழமை சுவர் போய்விடும், பேர் நிற்கும். வாயைத் திறந்தால் சுவர் நிற்கும், முப்பத்தோரு வருஷத்துப் பேர் போய்விடும். கையெழுத்துப் போட்ட பாவத்துக்குக் கிருபாவும் மாட்டுவாள். ஒரு மூளிச் சுவருக்காகவா? டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியது. அவர் ஹஃபீசாவுக்குப் போன் போட்டார்.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "வெள்ளத்துல தண்ணி இடுப்புக்கு வந்தப்பகூட மணி பாத்து எழுதுனீங்க. அப்பல்லாம் பயம் வரலியே, இப்போ இன்னா?" என்றாள். அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

கிருபாவைக் கூப்பிட்டபோது மணி ஏழு. கஃபார் சுற்றி வளைக்கவில்லை. "மேடம், சுவரு சாயல. நான்தான் லேட்டா வந்து, ஆறேகால்னு எழுதிட்டேன். நோன்பு முழுக்க."

"எல்லா பேஜ்லயும் நான் சைன் பண்ணியிருக்கேன் பாய்" என்றாள் கிருபா.

"தெரியும் மேடம். அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

நாற்பது நிமிஷத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. ஒரு புது நோட்டை விரித்து, இன்றைக்கு ராத்திரி வரை மணிக்கு ஒரு தடவை பார்ப்போம், நீங்கள் படியுங்கள், நேரத்தை நான் எழுதுகிறேன் என்றாள். அந்த இரண்டாவது பாதி அவரைச் சுருக்கென்று குத்தியது. குனிந்து கண்ணை வைத்தார்.

பத்ரிநாராயணன் பத்து மணிக்கு வந்து விஷயத்தைக் கேட்டார். இன்றைக்குத் தேதி என்ன பாய் என்றார். ஒன்று சார் என்றார் கஃபார். எந்த மாசம் என்று கேட்டுவிட்டு, ஏப்ரல் முதல் தேதியில் ஆளை முட்டாளாக்குகிறார்களென்று அவரே சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அப்படி ஒரு பகலைக் கஃபார் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மூன்றரை. பத்துக்கு ஐந்து. வெயில் சுவரின் பின்னாலிருந்து ஏறித் தலைக்கு மேல் வந்து ரோட்டுப் பக்கம் இறங்கியது. இரும்பைத் தொட்டால் கை பொரிந்துவிடும். கீழேயிருந்து பன் வேகிற வாசனை வந்துகொண்டே இருந்தது. பஸ்களின் கண்ணாடி வெளிச்சம் சுதை முகத்தில் பட்டுப் பட்டு ஓடியது. அந்தப் பெரிய சுவர், யாருக்கும் தெரியாமல், தூக்கத்தில் புரள்கிறவரைப் போலப் பள்ளத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே ரோட்டில் போன ஆயிரம் பேரில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டரைக்குப் பத்தேமுக்கால். பத்ரிநாராயணன் தானே குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு நிழலைத் தேடிப் போய் உட்கார்ந்தார். நாலு மணிக்கு ஒன்பது. ஐந்தரைக்கு ஆறு. வெயில் தணிந்து திருநீர்மலைப் பக்கம் சிவந்தபோது, ஒவ்வொரு மில்லியாகச் சுவர் திரும்பி வந்தது. ஏழரை மணிக்கு, ரயில்கள் விளக்கோடு ஜன்னல்களைக் கடந்துகொண்டிருந்த நேரத்தில், கஃபார் மூன்றரை என்று படித்தார். கிருபா எழுதினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அறுக்கிற மெஷின் புதன்கிழமை லாரியேறிப் போயிற்று.

கஃபார் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கம்பெனி ஆபீசில் ரெஜிஸ்டரை முன்னால் வைத்து, ஒவ்வொரு நாளும் உண்மையில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். சிவப்பு மையால் எழுதினார். எந்த நாள் சஹருக்கு என்ன சாப்பிட்டார், எப்போது கண் அசந்தார், எந்த நாள் நோன்புக் கஞ்சிக்கு வரிசை ஆரம்பித்த பிறகு வீடு திரும்பினார் என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதினார். நாலு நாளுக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. சுற்றிவளைத்து ஒரு மணியைப் போட்டிருக்கலாம். ஞாபகமில்லை என்றே எழுதினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கையெழுத்து. கிருபாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கஃபாரை ரீடிங் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான் என்று அவரே சொன்னார். அப்புறம் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் கால்வாய்க்கு மட்டம் பார்க்கப் போனார். அங்கே யாருக்கும் அவர் பேர் தெரியாது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு கிருபா கூப்பிட்டாள். கட்டடம் பன்னிரண்டு மாடி ஏறியாகிவிட்டது. பழைய சுவரைப் புதுக் கட்டடத்தோடு கம்பி போட்டுப் பிணைத்தாயிற்று, இரும்பு முட்டுகளைக் கழற்றப்போகிறோம். "கடைசி ரீடிங்கு நீங்கதான் பாக்கணும் பாய். ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றாள்.

ஆறேகாலுக்குப் போய் நின்றார். ஜன்னல்களுக்குப் பின்னால் வானம் இல்லை. புதுச் செங்கல், ஒயர், யாரோ ஒருவருடைய ஹாலாகப்போகிற இருட்டு. ரயில் சத்தம் மட்டும் கேட்டது. எந்த ஜன்னலிலும் நுழையவில்லை. சுவர் பிழைத்ததற்காகச் சந்தோஷப்படத்தான் வந்தார், கண் அந்தப் பதினோரு துண்டு வானத்தைத் தேடியது. மூன்று மில்லி என்று படித்தார். முட்டுகளைக் கழற்றினார்கள். வெயில் ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிற்பகலில் மறுபடி கண்ணை வைத்தார். இருபத்திரண்டு வில்லைகள், கடைசியில் மூக்கில்லாத பெண். மூன்று மில்லி. அவ்வளவு வெயிலிலும் அசையவில்லை. இனி இது எங்கேயும் போகாது மேடம் என்று கிருபாவிடம் சொன்னார்.

கிருபா படிவத்தை நீட்டினாள். ஆபீசில் அச்சடித்த புதுப் படிவம்; நேரக் கட்டத்தில் காலை 6.15 என்று அவர்களே அச்சிட்டு வைத்திருந்தார்கள். கஃபார் பேனாவை எடுத்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அச்சடித்திருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் பகல் 2.41 என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.